பவளமல்லியும் திருநந்தவனத் தொண்டும்

திருச்சிற்றம்பலம்



திருவிழாக் காலத்தில் நாயன்மார் வரலாறும் தலபுராணமும் சித்தாந்த நுட்பமும் கேட்டு மகிழ்வது நம் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பூஞ்செடி. இஃது என்ன சிறிய பொருள் என்று தாங்கள் எண்ணுதல் கூடும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலையில் திருக்கோயிலுக்கு வருகின்ற அன்பர்கள், திருமதிலின் ஓரத்தில் வெண்மையான சிறு பூக்கள் பாய் விரித்தாற்போலக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இதழ்கள் பால் போல் வெளுத்திருக்கும். அடியிலுள்ள குழல் பவளம் போல் சிவந்திருக்கும். நறுமணம் பிராகாரம் முழுதும் பரவி நிற்கும். அவற்றை மிதிக்க மனம் வாராமல் ஒதுங்கி நடந்திருப்பீர்கள். அந்தப் பவளமல்லியின் வரலாற்றையே இன்று நாம் சிந்திக்கப் போகின்றோம். அதனோடு, அதனை முன்னிட்டு நாம் செய்த பிழை ஒன்றையும் இச்சபையில் மறையாது சொல்லப் போகின்றோம்.

பெயரும் பழமையும்

பவளமல்லி, பவழமல்லிகை, பவளக்கால் மல்லிகை என்றெல்லாம் நம் நாட்டில் வழங்கும் இது, மல்லிகை என்று பெயர் பெற்றிருப்பினும் கொடியன்று; புதராகவும் சிறு மரமாகவும் வளர்வது. தாவர நூலார் இதனையும் மல்லிகையையும் ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணுவர். ஆதலின் பெயர் முற்றும் பொருந்தாததும் அன்று. நம் முன்னோர் மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையாக வகுத்தனர். கோடு என்பது மரக்கிளை. பவளமல்லி கோட்டுப்பூ வகையைச் சேர்ந்தது.

சங்கப் புலவராகிய கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, தலைவியும் தோழியும் குவித்து விளையாடிய பூக்களை அடுக்கிச் சொல்கிறது. தொண்ணூற்றொன்பது பூக்கள் என்று அவற்றை எண்ணுவது வழக்கம். அவ்வரிசையில் ‘சேடல்’ என்றொரு பூ வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் நச்சினார்க்கினியர், சேடல் என்பதற்குப் பவழக்கால் மல்லிகை என்று பொருள் கண்டார். பத்துப்பாட்டை உரையோடு மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889ஆம் ஆண்டில் பதிப்பித்தமையால் இச்செய்தி நம் கைக்கு எட்டியது. இன்று குழந்தைகள் பொறுக்கி விளையாடும் இப்பூவையே குறிஞ்சி நிலத்து மகளிரும் பொறுக்கிப் பாறைமேல் குவித்தனர் என்று உரையாசிரியர் வழி நின்று நாம் எண்ணி மகிழலாம்.

வடமொழியில் இதற்குச் சேபாலிகை என்பது பெயர். வங்காளத்தில் சிஉலி என்றும், சிங்களத்தில் சேபாலிகா என்றும் வழங்குவன இப்பெயரின் திரிபுகளே. வங்க நாட்டில் சரத்காலத்து அம்பிகை வழிபாடு நெருங்கிவிட்டது என்பதை இப்பூவின் மணமே அறிவிக்கும் என்பர். மேற்கு வங்காள மாநிலம் இதனைத் தன் மாநில மலராகக் கொண்டுள்ளது.

பாரிஜாதம் என்பது எது?

இனி, அன்பர்கள் பலரும் நம்மிடம் கேட்கும் ஐயம் ஒன்றைத் தெளிவித்தல் வேண்டும். “பாரிஜாதம் என்று சொல்வதும் இதுதானா?” என்று கேட்கின்றனர். பாரிஜாதம், மந்தாரம், சந்தானம், கற்பகம், அரிசந்தனம் என்னும் ஐந்தும் இந்திரலோகத்துத் தருக்கள் என்று புராணங்கள் கூறும். பாற்கடல் கடைந்தபோது பாரிஜாதம் தோன்றிற்று என்பதும், கண்ணபிரான் சத்தியபாமையின் பொருட்டு அதனை மண்ணுலகிற்குக் கொணர்ந்தார் என்பதும் நாம் அறிந்த கதைகள்.

மண்ணுலகில் அப்பெயரை எந்த மரத்திற்கு இடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபட்டது. வடமொழி நிகண்டாகிய அமரகோசம், பாரிஜாதகம் என்னும் சொல்லை முள்முருங்கை மரத்தின் பெயர்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கி மாவட்டத்தில் கிந்தூர் என்னும் சிற்றூரில் மக்கள் பாரிஜாதம் என்று வழிபடும் பெருமரமோ, பெருக்கமரம் என்று நாம் சொல்லும் ஆனைப்புளி. நம் சிவத்தலங்களிலோ பாரிஜாதம் என்றால் பவளமல்லியே. இவற்றுள் எது மெய், எது பொய் என்று வழக்காடுதல் வேண்டா. விண்ணில் உள்ளதாகக் கேட்ட மரத்தின் பெயரைத் தம் ஊரில் தாம் மிகவும் போற்றிய மரத்திற்கு ஒவ்வொரு நாட்டாரும் சூட்டினர். பெயரிட்டது அன்பு, நிகண்டன்று என்று கொள்ளுதலே பொருந்தும்.

தலமரமாய் நின்ற சிறப்பு

மரத்தின் பெருமை அது நிற்கும் இடத்தால் விளங்கும். சீகாழித் திருத்தலத்தில் பாரிஜாதமாகிய பவளமல்லி தலமரம். பன்னிரு திருப்பெயர் கொண்ட அப்பதியில், பிரம தீர்த்தக் கரையில், திருஞானசம்பந்தப் பெருமான் உமையம்மை தந்த ஞானப்பாலை உண்டருளினார்.

மற்றொரு தலம் திருக்களர். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதியில் உள்ள இத்தலத்து இறைவருக்குப் பாரிஜாதவனேசுவரர் என்பது திருநாமம். துருவாச முனிவர் விண்ணுலகிலிருந்து பாரிஜாதத்தைக் கொணர்ந்து இங்கு நட்டு, அதன் நிழலில் பெருமானை வழிபட்டார் என்று தலபுராணம் கூறும். பவளமல்லி தலமரமாக உள்ள சீகாழியில் அவதரித்த பிள்ளையாரே, இத்தலத்தின் மீதும் பதிகம் அருளிச்செய்தார். சோழ மன்னர் காலத்துச் செப்பேடுகளும் இக்கோயிலிலிருந்து கிடைத்துள்ளன.

இவ்வூர்ப் பெயரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். களர் என்பது உவர்ப்பு ஏறி இறுகிய நிலத்தைக் குறிக்கும் சொல். நெல் விளையாத நிலத்தைக் களர் என்று உழவர் ஒதுக்குவர். கல்லாதவர்க்குக் களர் நிலத்தையே உவமையாகத் திருவள்ளுவ நாயனார் எடுத்துரைத்தார். அத்தகைய நிலத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் விண்ணுலக மரம் வளர்ந்தது என்று புராணம் பேசுகிறது. மண் எத்தன்மையதாயினும் தொண்டு செய்யும் கை இருந்தால் அங்கே பூ மலரும் என்பது நாம் இதிலிருந்து கொள்ளும் பாடம்.

உதிர்ந்த பூ ஆகுமா?

இனி வழிபாட்டு நெறிக்கு வருவோம். சிவபூசைக்குரிய மலர்களின் இலக்கணத்தைக் கூறும் ‘புட்பவிதி’ என்னும் நூலை இயற்றியவர், 16ஆம் நூற்றாண்டில் திருவாரூரில் வாழ்ந்த கமலை ஞானப்பிரகாசர். தருமபுரம் திருமடத்தை நிறுவிய குருஞானசம்பந்தருக்கு ஞானாசிரியராய் விளங்கியவரும் இப்பெருமானே. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் இவ்விதிகளை எளிய வினாவும் விடையுமாக அமைத்து வீடுதோறும் சென்றடையச் செய்தார்.

இவ்விதிகளின்படி அரும்பு ஆகாது, பழம்பூ ஆகாது, புழு கடித்தது ஆகாது, இரவில் எடுத்தது ஆகாது, உதிர்ந்ததும் ஆகாது. புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை என்னும் அட்டபுட்ப வரிசையிலும் பவளமல்லி இடம்பெறவில்லை.

இங்கேதான் இடர்ப்பாடு. பவளமல்லி மாலை மயங்கிய பிறகு மலரத் தொடங்கும், இரவெல்லாம் மணக்கும், ஞாயிறு எழுமுன் தானே உதிர்ந்துவிடும். முன்னாள் மாலையில் பறித்தால் அரும்பு. நடு இரவில் பறித்தால் இரவில் எடுத்த குற்றம். விடிந்தபின் எடுத்தால் உதிர்ந்த பூ. விதியை எழுத்துக்கு எழுத்து நோக்கினால் இப்பூவுக்குப் பெருமான் திருவடியை அடைய வழியே இல்லை. ஆயினும் அது கோயில்தோறும் சாத்தப்படுகிறது, தலமரமாகவும் நிற்கிறது. இஃது எவ்வாறு?

உதிர்ந்த பூவை விலக்கியதன் கருத்து, வாடியதும் மண்ணில் புரண்டதும் பெருமானுக்கு ஆகா என்பதே. பவளமல்லியோ வாடி உதிர்வதன்று. முழுதும் மலர்ந்து, மணம் குன்றாத நிலையில், தன் இயல்பினால் உதிர்வது. ஆதலின் பெரியோர் இதற்கு விலக்கு அளித்தனர். மகிழம்பூவுக்கும் அத்தகைய வழக்கு உண்டு. மரத்தடியைப் பசுஞ்சாணத்தால் மெழுகி வைத்தும், தூய வெள்ளைத் துணியை முதல்நாள் மாலையிலேயே விரித்து வைத்தும், விழுந்த பூவை மண் தீண்டாமல் எடுத்தனர். விதி காத்தது தூய்மையை. வழக்கு காத்ததும் அதனையே.

பெரியபுராணத்தில் இதனோடு இயைத்து எண்ணத்தக்க வரலாறு ஒன்று உண்டு. திருவாரூரில் பூமண்டபத்தின் பக்கத்தே விழுந்து கிடந்த ஒரு புதுமலரைக் கழற்சிங்க நாயனாரின் தேவியார் எடுத்து மோந்தார். அதனைக் கண்ட செருத்துணை நாயனாரும், பின்னர்க் கழற்சிங்கரும் செய்த செயலின் கடுமை தாங்கள் அறிந்ததே. அதனை இங்கே விரித்தல் வேண்டா. நாம் நோக்க வேண்டியது ஒன்று. அம்மலர் கீழே விழுந்து கிடந்ததுதான். ஆயினும் விழுந்ததனால் அது யாருக்கும் உரியதல்லாத பொருளாகிவிடவில்லை. பெருமானுக்கென்று மலர்ந்த பூ, விழுந்தாலும் பெருமானுடைய பூவே என்று அவ்வடியார்கள் கொண்டனர்.

மேனாட்டார் இட்ட பெயர்

இதே மரத்தைக் கண்ட மேலை நாட்டார் வேறொன்று நினைத்தனர். போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா என்பவர் கோவாவில் வாழ்ந்து, இந்நாட்டு மூலிகைகளைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதி 1563ஆம் ஆண்டில் அங்கேயே அச்சிட்டார். அதில் இதனைத் துயர மரம் என்று குறித்தார். ஓர் அரசகுமாரி கதிரவன்மேல் காதல் கொண்டு, அவனால் கைவிடப்பட்டு உயிர்நீத்தாள்; அவள் சாம்பலில் முளைத்த மரம் இது; ஆதலால்தான் கதிரவனைக் காணப் பொறாமல் விடியுமுன் பூவை உதிர்க்கிறது என்று தாம் கேட்ட கதையையும் எழுதி வைத்தார். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயசு தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் சூட்டியபோது, இதற்கு நிக்டாந்தசு ஆர்போர்-டிரிசுடிசு என்று பெயரிட்டார். இரவில் பூக்கும் துயர மரம் என்பது அதன் பொருள். உலகத்துத் தாவர நூல்களில் அப்பெயரே இன்றும் நிற்கிறது.

பகலில் இம்மரத்தைக் காண்பவருக்குப் பூவில்லாத கிளைகளும் சொரசொரப்பான இலைகளுமே தெரியும். வெறுமையைக் கண்டவர் துயரம் என்றனர். நம்மவரோ விடியலில் எழுந்து வந்து, மரம் தன் பூவையெல்லாம் திருமுற்றத்தில் சொரிந்திருப்பதைக் கண்டனர், அருச்சனை என்றனர். மரம் ஒன்றே, காணும் பொழுது வேறு, காணும் கண்ணும் வேறு.

திருநந்தவனத்தின் வரலாறு

மலர்த்தொண்டு நம் சமயத்தில் எத்துணைப் பெருமை உடையது என்பதற்கு நாயன்மார் வரலாறுகளே சான்று. திருப்புகலூரில் முருக நாயனார் நாள்தோறும் வைகறையில் எழுந்து நால்வகைப் பூவும் கொய்து, இண்டை, தார், கண்ணி, கோவை எனப் பலவாறாகத் தொடுத்து வர்த்தமானீச்சரப் பெருமானுக்குச் சாத்தினார். அத்தொண்டின் பயனாகத் திருஞானசம்பந்தருக்கு நண்பராகி, நல்லூர்ப் பெருமணத்தில் அவர் திருமணத்தின்போது தோன்றிய சோதியில் கலந்தார். கருவூரில் சிவகாமியாண்டார் சுமந்து வந்த பூக்கூடையைப் பட்டத்து யானை சிதைத்தது. அதன்பொருட்டு எறிபத்த நாயனார் மழுவேந்தி யானையையும் பாகரையும் வீழ்த்தினார். அரசனாகிய புகழ்ச்சோழர் அதனை அறிந்து, தம்மையும் கொல்லுமாறு தம் வாளையே நீட்டினார். ஒரு கூடைப் பூவுக்கு அக்காலத்தவர் வைத்த மதிப்பு அது.

மன்னர் காலத்தில் இத்தொண்டு கல்லில் எழுதி நிலைநிறுத்தப்பட்டது. சோழநாட்டுக் கோயில்களின் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் திருநந்தவனம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்களை மீண்டும் மீண்டும் காண்பார்கள். திருப்பள்ளித்தாமம் என்பது இறைவன் திருமேனியில் சாத்தும் மாலை. நந்தவனத்திற்கென்று விட்ட நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது. அரசர் மட்டும் அன்று. அரசமாதேவியரும் அதிகாரிகளும் வணிகரும் ஊர்ச்சபையாரும் இவ்வாறு நிலம் விட்டனர். தோட்டம் இடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மண்வெட்டி எடுப்பவர், நீர் இறைப்பவர், பூப்பறிப்பவர், மாலை தொடுப்பவர் ஆகியோரின் உணவுக்கும் உடைக்கும் வழி செய்தனர். இந்தத் தருமத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் இருப்பதாகுக என்று எழுதி முடித்த கல்வெட்டுகள் பல.

பூவை வளர்ப்பவன் பசித்திருந்தால் நந்தவனம் நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் அதனை மறந்தோம். நிலம் கை மாறிற்று, கிணறு தூர்ந்தது, தோட்டக்காரரின் பிள்ளைகள் வேறு தொழில் தேடிப் போயினர். இன்று பல கோயில்களில் நந்தவனம் என்பது கல்வெட்டில் உள்ள சொல்லாக மட்டும் இருக்கிறது. பூவோ கடைத்தெருவிலிருந்து வருகிறது.

நாம் செய்த பிழை

நாம் செய்த பிழையை இப்பொழுது சொல்லிவிடுகின்றோம். 1994ஆம் ஆண்டு பங்குனி மாதம், காவிரிக்கரையில் உள்ள ஓர் ஊருக்குத் திருவிழாச் சொற்பொழிவிற்காகச் சென்றிருந்தோம். அப்போது நமக்கு முப்பத்தைந்து வயது. திருமுறைகளும் சாத்திரங்களும் ஆசிரியர்பால் முறையாகப் பாடம் கேட்டிருந்தோம் என்னும் பெருமிதம் உள்ளத்தில் இருந்தது. கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. வெளிப் பிராகாரத்தில் ஒரு பழைய மரம் இலை ஒன்றுமின்றி நின்றது. திருப்பணிக் குழுவினர் ஒருவர், “இம்மரம் பட்டுவிட்டது, வெட்டிவிட்டால் தளம் போட வசதியாக இருக்கும். ஆகம விரோதம் உண்டா, ஐயா?” என்று நம்மைக் கேட்டார். நாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பட்ட மரம் திருக்கோயிலில் நிற்றல் கூடாது” என்று சொல்லிவிட்டோம். அன்று மாலையே கோடரி விழுந்தது.

அக்கோயிலில் மாலை கட்டிக்கொண்டிருந்த பண்டாரம் ஒருவர் இருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இரவு சொற்பொழிவு முடிந்தபின் நம்மிடம் வந்து, “சாமி, அது பட்ட மரம் இல்லீங்க, பவளமல்லி. மாசி, பங்குனியில இலையைக் கொட்டிட்டு நிக்கும். மழை கண்டா தழைக்கும். நாப்பது வருசமா அதுல பூ எடுத்தேன்” என்றார். அவ்வளவே சொன்னார், கோபம் கொள்ளவில்லை. ஆனால் நாம் அன்றிரவு உறங்கவில்லை. அவ்விழாவில் நாம் எடுத்துக்கொண்டிருந்த பொருளோ முருக நாயனார் புராணம்! நால்வகைப் பூவையும் நாவால் விரித்துரைத்த நாம், கண்ணெதிரே நின்ற கோட்டுப்பூ மரத்தை அறியவில்லை. வள்ளுவர் சொன்ன களர்நிலத்தை அன்று நாமே ஒத்தோம்.

மறுநாள் காலை திருப்பணிக் குழுவினரிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டு, அடிக்கட்டையையாவது பெயர்க்காமல் விட வேண்டும் என்று வேண்டினோம். அவர்களும் இசைந்தனர். ஆடி மாதத்தில் பண்டாரம் ஓர் அஞ்சலட்டை எழுதினார்: கட்டையிலிருந்து ஏழு தளிர்கள் கிளம்பியிருப்பதாக. மூன்றாம் ஆண்டு அம்மரம் மீண்டும் பூத்தது. அதுமுதல் பூவைப் பற்றிப் பேசுமுன் அதனை வளர்ப்பவரிடம் சென்று கேட்டறிதலை நாம் ஒரு நியமமாகக் கொண்டோம். கீழே சொல்வன பெரும்பாலும் அவ்வாறு கேட்டும், பின் நாமே வளர்த்தும் அறிந்தவை.

வளர்க்கும் முறை

பவளமல்லியை விதையாலும் வளர்க்கலாம். கிளையை நட்டும் வளர்க்கலாம். இதன் காய் தட்டையாகவும் வட்டமாகவும் இருக்கும். முற்றினால் பழுப்பு நிறம் பெறும். அதனுள் அறைக்கு ஒன்றாக இரண்டு விதைகள் உண்டு. முற்றிய காய்களை எடுத்து உலர்த்தி வைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் நீரில் ஊறவைத்து ஊன்றலாம். கிளை நடுவோர் ஆடி மழையின்போது, மிக இளையதும் மிக முற்றியதும் அல்லாத கிளையைத் தேர்ந்து நிழலில் வேர்பிடிக்கச் செய்து, பின் இடம் மாற்றுக.

ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புக. நல்ல வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும்; நிழலில் மரம் வளரும், பூ குறையும். நீர் தேங்கும் இடம் ஆகாது, வேர் அழுகும். மதிலை ஒட்டி நடாமல் ஏழெட்டு அடி விட்டு நட்டால், உதிரும் பூவை ஏற்கச் சுற்றிலும் இடம் கிடைக்கும். இளஞ்செடிக்கு முதல் இரண்டு கோடையில் நீர் தவறலாகாது. வேரூன்றிய பின் இது வறட்சியைத் தாங்கும். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் பூக்கத் தொடங்கும். ஆவணி முதல் மார்கழி வரை பூ மிகுதி.

கோடையில் இலை உதிரும்போது அஞ்சுதல் வேண்டா. ஐயம் தோன்றினால் கிளையின் பட்டையை நகத்தால் சற்றே கீறிப் பாருங்கள்; உள்ளே பசுமை இருந்தால் உயிர் உண்டு. பூக்காலம் முடிந்து புதுத்தளிர் வருமுன் நீண்ட கிளைகளைக் கழித்துவிட்டால், புதிய கிளைகளில் பூ நிறையும். மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

இதன் இலை மிகவும் சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் இழைத்து மெருகிட முற்காலத்தார் அதனைப் பயன்படுத்தினர். பவள நிறக் குழலிலிருந்து எடுத்த சாயத்தால் பட்டையும், பௌத்தத் துறவியரின் ஆடையையும் தோய்த்தனர். குங்குமப்பூவுக்கு நிறம் தருகின்ற அதே பொருள்தான் இக்குழலிலும் இருக்கிறது என்று வேதியியலார் கண்டுள்ளனர். அடியார் காவியும் அம்பிகையின் குங்குமமும் ஒரு சிறு பூவின் காலில் அடங்கியிருப்பது வியப்பன்றோ!

பூ எடுப்போர் ஞாயிறு எழுமுன் நீராடி, மெழுகிய தரையிலோ விரித்த துணியிலோ விழுந்தவற்றைப் பூக்குடலையில் எடுக்க வேண்டும். காம்பு மெலிந்ததாதலின் ஊசி நூலில் கோத்தலே எளிது. கோத்த மாலையைக் காலைப் பூசைக்குள் சாத்திவிடுதல் வேண்டும்; உச்சிப் பொழுதுக்குள் இதழ் துவண்டுவிடும்.

விலைக்கு வாராத பூ

அன்பர்களே! இந்த இறுதிச் செய்தியில்தான் நாம் சொல்ல வந்த பொருள் அடங்கியிருக்கிறது. மல்லிகையும் சாமந்தியும் கூடை கூடையாகச் சந்தைக்கு வருகின்றன. கூட்ஸ் வண்டியிலும் விமானத்திலும்கூட ஏறிச் செல்கின்றன. பவளமல்லியோ கடைக்கு வருவதில்லை. விடியலில் உதிர்ந்து உச்சியில் துவளும் பூவை எந்த வணிகர் வாங்கி விற்பார்? எவ்வளவு செல்வம் உடையவராயினும் பவளமல்லி மாலையைக் கடைத்தெருவில் வாங்கிப் பெருமானுக்குச் சாத்த இயலாது. மரம் வளர்த்தவர், விடியலில் எழுந்தவர், குனிந்து எடுத்தவர் ஆகியோர்க்கே அப்பேறு உண்டு. முருக நாயனார் செய்த தொண்டை இன்றும் அவர் செய்தபடியே நம்மைச் செய்யவைக்கும் பூ இது.

ஆதலின், நந்தவனம் அழிந்த கோயிலில் முதலில் அழிவது இப்பூவின் வழிபாடு. நந்தவனம் மீண்டும் தழைக்கத் தொடங்கும்போது முதலில் நடத்தக்க மரமும் இதுவே. பெருநிலம் வேண்டா, பெரும்பொருள் வேண்டா, வெயில் படும் நான்கு சதுர அடி மண்ணும் இரண்டு கோடைக்கு நீர் வார்க்கும் ஒருவர் கையும் போதும். கோயிலில் இடமில்லையெனில் தங்கள் வீட்டு முற்றத்தில் நடுங்கள். அங்கிருந்து ஒரு குடலைப் பூ நாள்தோறும் கோயிலுக்கு வரட்டும். திருப்பணி செய்வோருக்கும் ஒரு விண்ணப்பம்: தளம் போடுமுன், மரத்தை வெட்டுமுன், மாலை கட்டுகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மைப் போன்ற சொற்பொழிவாளரைக் கேட்பதற்கு முன்பு அவரைக் கேளுங்கள்.

அந்தப் பண்டாரம் சிவனடி சேர்ந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் அனுப்பிய விதையிலிருந்து முளைத்த மரம் நம் இல்லத்துக் கொல்லையில் நிற்கிறது. இவ்வாண்டுப் பங்குனியிலும் அது இலையெல்லாம் உதிர்த்து, பட்ட மரம் போல நின்றது. நாம் நீர் வார்த்துக் காத்திருந்தோம். ஆடியில் தழைத்தது. இன்று காலை இச்சபைக்குப் புறப்படுமுன் அதனடியில் எடுத்த பூவே இப்பொழுது சுவாமியின் திருவடியில் இருக்கிறது.

தாங்களும் ஆளுக்கொரு மரம் நட்டு, மலர்த்தொண்டின் வழி நின்று, எல்லா நலமும் பெறுமாறு எல்லாம் வல்ல அம்மையப்பரின் திருவடிகளை இறைஞ்சி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்